கரித்தாள் படிகளில் ஒரு திருச்சபையின் சாட்சியம்

நூலகத்தின் சுவடிப் பிரிவு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பனையோலை ஏடுகளும் பழுப்பேறிய கையெழுத்துப் படிகளுமே. எழுதியவரின் கை நடுங்கிய இடமும், மை வற்றிய இடமும், பிற்காலத்தவர் ஓரத்தில் சேர்த்த குறிப்பும் அவற்றில் தெரிகின்றன. எழுதியவர் மறைந்து பல தலைமுறைகள் ஆனபின்னும் அவருடைய கையின் தடம் அங்கே எஞ்சியிருக்கிறது. அதனாலேயே அவற்றைப் போற்றிக் காக்கிறோம்.

சென்ற நூற்றாண்டில் இந்தப் பிரிவுகளுக்குள் வேறொரு வகை ஏடும் வந்து சேர்ந்தது. அது தட்டச்சுத் தாள். கையெழுத்தின் தனித்தன்மை அதற்கு இல்லை; அச்சு நூலின் நிறைவும் இல்லை. பார்வைக்கு அலுவலகக் கடிதம்போல் வறண்டிருக்கும் இத்தாள்களை, ஓலைச்சுவடிகளுக்கு நிகராக ஏன் காக்க வேண்டும்? விடை எளிது. அச்சேறிய நூல் ஆயிரம் படிகளாக உலகெங்கும் செல்கிறது. ஒரு படி அழிந்தாலும் மற்றவை இருக்கும். அச்சேற வழியின்றித் தட்டச்சிலேயே நின்றுவிட்ட ஓர் எழுத்துக்கோ சில படிகளே உண்டு. சில வேளைகளில் ஒரே ஒரு படிதான் எஞ்சியிருக்கும். அது அழிந்தால் அது சொன்ன செய்தியும் அழிந்துபோகும்.

இத்தகைய தாள்களுள் கத்தோலிக்க இறைமக்களாகிய நாம் சிறப்பாக அறிந்திருக்க வேண்டிய ஒரு தொகுதி உண்டு. அது லித்துவேனிய நாட்டில் 1972 முதல் 1989 வரை மறைவாகத் தட்டச்சு செய்யப்பட்டு வெளிவந்த 81 இதழ்களின் தொகுதி. அதன் பெயர் 'லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் நாளாகமம்'.

பேச வழியற்ற மக்கள்

பால்டிக் கடலோரத்தில் அமைந்த லித்துவேனியா சிறிய நாடு. 1970களில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1940இல் சோவியத் யூனியன் அந்நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1941 முதல் 1944 வரை ஜெர்மானியர் ஆக்கிரமிப்பு. பின்னர் மீண்டும் சோவியத் ஆட்சி.

திருச்சபையின்மீது விழுந்த அடி கடுமையானது. ஆயர் வின்சென்தாஸ் பொரிசேவிசியுஸ் 1946இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பேராயர் மெசிஸ்லோவாஸ் ரெய்னிஸ் 1953இல் ரஷ்யாவின் விளாதிமிர் சிறையில் உயிர்நீத்தார். சிறைகளிலும் நாடுகடத்தலிலும் பல ஆண்டுகளைக் கழித்த ஆயர் தெயோபிலியுஸ் மத்துலியோனிஸ் 1962இல் இறந்தார்; 2017இல் வில்னியஸ் நகரில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. நாட்டில் எஞ்சிய ஒரே குருமடம் கவுனாஸ் நகரில் இருந்தது. அங்கு யாரைச் சேர்ப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதை அரசே கட்டுப்படுத்திற்று.

1970களை எட்டியபோது துப்பாக்கிச் சூடுகளும் பெருந்திரளான நாடுகடத்தல்களும் ஓய்ந்திருந்தன. ஆனால் சிறுவர்களைக் கூட்டி மறைக்கல்வி கற்பிப்பது குற்றமாகவே இருந்தது. அக்குற்றத்திற்காக 1971இல் அருட்தந்தை யுவோசாஸ் ஸ்தெப்ஸ்கிஸ், அருட்தந்தை புரோஸ்பேராஸ் புப்னிஸ் ஆகிய இருவரும் ஆளுக்கோர் ஆண்டு சிறைத்தண்டனை பெற்றனர். புதுநன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்வது நம் பங்குகளில் ஆண்டுதோறும் நடைபெறும் இயல்பான பணி. அங்கே அப்பணி சிறைக்கு இட்டுச் சென்றது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, சமயச் சுதந்திரம் எங்கள் நாட்டில் முழுமையாக உண்டு என்று சோவியத் அரசு உலகுக்கு அறிவித்து வந்தது. மறுப்பதற்கு மக்களிடம் செய்தித்தாளும் இல்லை, அச்சகமும் இல்லை. 1972 தொடக்கத்தில் 17,054 பேர் கையொப்பமிட்ட ஒரு விண்ணப்பத்தை, சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் வழியாக அனுப்பினார்கள். கையொப்பமிட்டவர்கள் தம் பெயரை மறைக்கவில்லை. அதனால் வரும் துன்பத்தை அறிந்தே கையொப்பமிட்டனர். ஆனால் விண்ணப்பம் ஒருமுறை பேசும். அதன்பின் மீண்டும் மௌனமே நிலவும். தொடர்ந்து பேசும் ஒரு குரல் வேண்டியிருந்தது.

1972 மார்ச் 19

புனித சூசையப்பரின் திருவிழாவாகிய அந்நாளைத் தாங்கி நாளாகமத்தின் முதல் இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர், சிம்னாஸ் என்னும் சிற்றூரில் துணைப் பங்குத்தந்தையாக இருந்த சிகித்தாஸ் தம்கேவிசியுஸ். அப்போது அவருக்கு வயது 33. இயேசு சபையில் மறைவாகச் சேர்ந்திருந்தவர். பின்னர் 1975இல் கிபார்த்தாய் ஊரின் பங்குத்தந்தையாகி, அங்கிருந்தும் இதழைத் தொடர்ந்து நடத்தினார்.

அவருக்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. மாஸ்கோவில் மனித உரிமைக்காகப் போராடியவர்கள் 1968 முதல் 'நிகழ்கால நிகழ்ச்சிகளின் நாளாகமம்' என்னும் தட்டச்சு இதழை நடத்தி வந்தனர். அதன் முதல் ஆசிரியர் நதாலியா கொர்பனேவ்ஸ்கயா என்னும் பெண் கவிஞர். அவ்விதழ் எவரையும் வசைபாடுவதில்லை. கொள்கை விளக்கமும் தருவதில்லை. இன்ன நாளில், இன்ன ஊரில், இன்னாருக்கு இது நடந்தது என்று மட்டும் கூறும். தவறு நேர்ந்தால் அடுத்த இதழில் திருத்தும்.

லித்துவேனிய நாளாகமமும் இந்த நெறியையே பின்பற்றியது. மறைமாவட்டச் செய்திகள் ஒரு பகுதியில் வரும். பள்ளிகளில் பிள்ளைகள் படும்பாடு மற்றொரு பகுதியில் வரும். கோவிலுக்குப் போனதற்காக வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட மாணவன், பக்தியுள்ளவர் என்பதற்காக வேலை இழந்த ஆசிரியை, ஆலயத்தைப் பழுதுபார்க்க அனுமதி மறுக்கப்பட்ட பங்கு, வெட்டி வீழ்த்தப்பட்ட வழியோரச் சிலுவை என்று சிறிய செய்திகளே பக்கங்களை நிரப்பின. வரலாற்று நூல்கள் இத்தகைய செய்திகளுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆனால் அரசு மறுத்த உண்மை அந்தச் சிறு செய்திகளில்தான் இருந்தது. 'திருச்சபை துன்புறுகிறது' என்று பொதுவாகச் சொன்னால் 'பொய்' என்று எளிதில் தள்ளிவிடலாம். ஊரும் நாளும் பெயரும் குறித்துச் சொன்னதை அவ்வாறு தள்ள இயலாது.

இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. துல்லியமாகச் சொன்னால் சொல்லப்பட்டவர் வெளிப்பட்டுவிடுவார். ஒரு மாணவனின் பெயரை எழுதினால் அவன் மீண்டும் விசாரிக்கப்படலாம். எழுதாவிட்டால் அச்செய்தியை உலகம் நம்பாது. ஒவ்வொரு செய்தியிலும் இந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்தே எழுத வேண்டியிருந்தது. பெரும்பாலும் அவர்கள் பெயரைச் சொல்லும் வழியையே தேர்ந்தார்கள். துன்புற்றவர்களே தம் செய்தி வெளிவருவதை விரும்பினார்கள் என்பது அதற்குத் துணை நின்றது.

மங்கிச் செல்லும் படிகள்

நம்மிடையே தட்டச்சுப் பயிலகத்திற்குச் சென்று பழகியவர்கள் கரித்தாளின் இயல்பை அறிவார்கள். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு இடையில் ஒரு கரித்தாளை வைத்து அடித்தால் இரண்டாம் படி தெளிவாக வரும். மூன்றாவது சற்று மங்கும். நான்காவதும் ஐந்தாவதும் படிப்பதற்குக் கண்ணுக்குச் சிரமம் தரும். நாளாகமத்தைத் தட்டச்சு செய்தவர்கள் மிக மெல்லிய தாள்களை அடுக்கி ஒரு தடவையில் ஏறத்தாழப் பத்துப் படிகள் எடுத்தார்கள். அத்தனை தாள்களையும் ஊடுருவ ஒவ்வொரு எழுத்தையும் வலுவாக அடிக்க வேண்டும். ஒரு பிழை நேர்ந்தால் எல்லாத் தாள்களிலும் திருத்த வேண்டும். இவ்வாறு பல பத்துப் பக்கங்கள்.

அடிக்கும் ஓசை சுவருக்கு அப்பால் கேட்கும் என்பது அடுத்த இடர். அடுக்குமாடி வீட்டில் நள்ளிரவில் எழும் தட்டச்சொலி ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமானது. மேலும், ஒவ்வொரு தட்டச்சுப் பொறிக்கும் அதற்கே உரிய அடையாளம் உண்டு. ஓர் எழுத்து சற்றே மேலே ஏறியிருக்கும். மற்றொன்றின் கால் தேய்ந்திருக்கும். வேறொன்று சாய்ந்து விழும். ஆகவே கைப்பற்றிய தாளையும் கைப்பற்றிய பொறியையும் ஒப்பிட்டு இதில்தான் அது அடிக்கப்பட்டது என்று வல்லுநர்கள் நிறுவிவிடுவார்கள். கையெழுத்து இல்லாமையால் தட்டச்சு எழுதியவரை மறைக்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் பொறியே கையெழுத்தாகி அவரைக் காட்டிக்கொடுத்தது.

இதழைப் பெற்றவர் வாசித்தபின் பிறரிடம் தர வேண்டும், இயன்றால் படியெடுத்துப் பரப்ப வேண்டும் என்பது நாளாகமத்தின் வேண்டுகோள். ஆகவே ஒரு படியிலிருந்து வேறொருவர் வேறொரு பொறியில் மீண்டும் பத்துப் படிகள் எடுப்பார். காப்பகத்தில் இருக்கும் ஒரே இதழின் இரு படிகள் எழுத்துருவிலும் பக்க அமைப்பிலும் வேறுபடலாம். ஒவ்வொன்றும் தனியொரு கையின் உழைப்பு. ஓலைச்சுவடியைப் படியெடுத்த ஏடெழுதுவோரின் மரபு இங்கே தட்டச்சுப் பொறியில் தொடர்ந்தது எனலாம். இத்தாள்களைச் சுவடிகளோடு சேர்த்துக் காப்பதற்கு இதுவே போதிய காரணம்.

பொறியின்முன் ஒரு சகோதரி

1973 நவம்பரில் உளவுத்துறையினர் 345ஆம் எண் வழக்கு என்னும் பெயரில் நாடெங்கும் வீடுகளைச் சோதனையிட்டனர். தட்டச்சுப் பொறிகள், செப நூல்கள், படியெடுக்கும் கருவிகள் எல்லாம் கைப்பற்றப்பட்டன. 1974 டிசம்பரில் பேத்ராஸ் பிளும்பா 8 ஆண்டுகளும், போவிலாஸ் பெத்ரோனிஸ் 4 ஆண்டுகளும் தண்டனை பெற்றனர். இருவரும் பொதுநிலையினர்.

அதற்குச் சில மாதங்கள் முன்னர், 1974 ஆகஸ்டு 27 அன்று, வில்னியஸ் நகரில் ஒரு வீட்டிற்குள் உளவுத்துறையினர் நுழைந்தபோது, நியோலே சதுனைத்தே என்னும் பெண் நாளாகமத்தின் 11ஆம் இதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மறைவில் இயங்கிய ஒரு துறவற சபையைச் சேர்ந்த அருட்சகோதரி அவர். பாதி அடிக்கப்பட்ட தாள் பொறியிலேயே இருந்தது. யார் கொடுத்தார், யாருக்காக அடிக்கிறாய் என்ற கேள்விகளுக்கு அவர் விடையளிக்க மறுத்தார். விசாரணை நீடித்த மாதங்களில் ஒரு பெயரைக்கூட அவர் சொல்லவில்லை.

1975 ஜூனில் நடந்த விசாரணையில் அவருக்கு 3 ஆண்டுகள் முகாம் சிறையும் 3 ஆண்டுகள் நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. ரஷ்யாவின் மொர்தோவியா முகாமிலும், பின்னர் சைபீரியாவின் பொகுச்சானி என்னும் ஊரிலும் அவர் அத்தண்டனையைக் கழித்தார். அவர் நீதிமன்றத்தில் பேசியது வெளியே யாரையும் எட்டாது என்று அதிகாரிகள் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் வேறொருவர் வேறொரு பொறியின்முன் அமர்ந்து அதைத் தட்டச்சு செய்தார்; நாளாகமம் அதை உலகுக்கு அறிவித்தது. பாதியில் நின்ற 11ஆம் இதழும் வெளிவந்தது.

இங்கே தொடக்கத் திருச்சபையின் வரலாறு நினைவுக்கு வருகிறது. கி.பி. 180இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஸ்கிலி ஊரைச் சேர்ந்த 12 கிறிஸ்தவர்கள் ஆளுநர்முன் விசாரிக்கப்பட்டு உயிர் நீத்தார்கள். ஆளுநரின் கேள்வியும் அவர்களின் விடையுமாகச் சுருங்கிய வடிவில் அவ்விசாரணை எழுதிவைக்கப்பட்டது. லத்தீன் மொழியில் கிடைக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகளுள் அதுவும் ஒன்று. அதில் அலங்காரம் எதுவும் இல்லை. கேட்டது இது, சொன்னது இது என்று நிற்கிறது. 1,800 ஆண்டுகள் கழித்து லித்துவேனியப் பெண்கள் தட்டச்சு செய்த நீதிமன்றச் செய்திகளும் அதே வடிவில்தான் இருந்தன. உயிர்த்தியாகம் செய்தவர்களை நம் முன்னோர் வேதசாட்சிகள் என்று அழைத்தார்கள். அச்சொல்லில் இரத்தம் இல்லை, மரணம் இல்லை. சாட்சி என்பதே உள்ளது. சாட்சியின் முதற்கடமை கண்டதைக் கண்டபடி சொல்வதாகும்.

இச்சாட்சியத்தில் கத்தோலிக்கர் மட்டும் பங்குகொள்ளவில்லை என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும். செர்கேய் கவல்யோவ் ரஷ்யர், உயிரியல் அறிஞர், கத்தோலிக்கர் அல்லர். லித்துவேனிய நாளாகமத்திற்குத் துணைநின்றார் என்பதும் அவர்மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 1975 டிசம்பரில் வில்னியஸ் நகரில் அவர் விசாரிக்கப்பட்டார். அணு அறிவியலறிஞர் ஆந்திரேய் சகாரோவ் அவ்வழக்குக்காக வந்து நீதிமன்றத்திற்கு வெளியே நின்றார், உள்ளே விடவில்லை. அதே நாட்களில், டிசம்பர் 10 அன்று, நார்வே தலைநகர் ஆஸ்லோவில் சகாரோவுக்குரிய நோபல் அமைதிப் பரிசை அவர் சார்பில் அவருடைய மனைவி பெற்றுக்கொண்டார். கவல்யோவுக்கு 7 ஆண்டுகள் சிறையும் 3 ஆண்டுகள் நாடுகடத்தலும் கிடைத்தன. பிறர் மறைக்காக ஒருவர் சிறைசென்ற இச்செய்தி நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

கடல் கடந்த தாள்கள்

இதழின் ஒரு படியோ அதன் நுண்படச் சுருளோ பெரும்பாலும் மாஸ்கோ வழியாக மேலைநாடுகளைச் சென்றடைந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த லித்துவேனியக் கத்தோலிக்கர்கள் அதை நூல் தொகுதிகளாக அச்சிட்டனர். ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துப் பரப்பினர். வத்திக்கான் வானொலியும் பிற வானொலி நிலையங்களும் அதன் செய்திகளை லித்துவேனிய மொழியில் ஒலிபரப்பின. மூடிய அறையில் அஞ்சி அஞ்சித் தட்டச்சு செய்யப்பட்ட செய்தி, வான்வழியே அதே நாட்டுக்குத் திரும்பி வந்து, தாள் எட்டாத குடும்பங்களுக்கும் எட்டியது.

மக்கள் துணிவும் வளர்ந்தது. கிளைப்பெதா துறைமுக நகரில் விசுவாசிகள் தம் காணிக்கையால் கட்டிய அமைதியின் அரசி ஆலயத்தை, திறப்பதற்குமுன் அரசு பறித்து இசை அரங்காக்கியிருந்தது. அதைத் திருப்பித் தருமாறு 1979இல் எழுதப்பட்ட விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவர்கள் 1,48,149 பேர். ஏழே ஆண்டுகளில் 17,054 என்ற எண் இவ்வாறு வளர்ந்திருந்தது. 1980களின் இறுதியில் அவ்வாலயம் மக்களிடம் திரும்பியது.

1983 மே மாதம் அருட்தந்தை தம்கேவிசியுஸ் கைது செய்யப்பட்டார். 6 ஆண்டுகள் முகாம் சிறை, 4 ஆண்டுகள் நாடுகடத்தல் என்பது தீர்ப்பு. ஆசிரியர் சிறைப்பட்டால் இதழ் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அருட்தந்தை யோனாஸ் பொரூத்தாவும் அருட்சகோதரிகளும் பணியைத் தொடர்ந்தனர். 1988இல் தம்கேவிசியுஸ் விடுதலை பெற்றார். 1989இல் 81ஆம் இதழோடு நாளாகமம் தன் பணியை முடித்துக்கொண்டது. வெளிப்படையாகப் பேசும் காலம் வந்துவிட்டதே காரணம். 1990 மார்ச் 11 அன்று லித்துவேனியா தன் விடுதலையை அறிவித்தது. தம்கேவிசியுஸ் 1991இல் ஆயரானார். 1996இல் கவுனாஸ் பேராயரானார். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார்.

இரு வகைத் தட்டச்சுத் தாள்கள்

இவ்வாறு எஞ்சிய தாள்கள் எங்கே காக்கப்படுகின்றன? மைக்கேல் பூர்தோ என்னும் ஆங்கிலிக்கன் குரு 1964இல் மாஸ்கோ சென்றிருந்தபோது, இடிக்கப்பட்ட ஓர் ஆலயத்தின் அருகே இரு பெண்களைச் சந்தித்தார். தங்களுக்காக உலகில் குரல் கொடுக்குமாறு அவர்கள் அவரை வேண்டிக்கொண்டனர். அந்த வேண்டுகோளைத் தன் வாழ்நாள் அழைப்பாக ஏற்ற அவர், 1969இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். அதுவே பின்னர் கெஸ்டன் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சோவியத் நாடுகளிலிருந்து வந்த ஆர்த்தடாக்ஸ், பாப்டிஸ்ட், கத்தோலிக்கத் தாள்கள் அனைத்தையும் அது பாகுபாடின்றித் திரட்டியது. அத்தொகுதி 2007இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள பெய்லர் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தது. அது பாப்டிஸ்ட் சபையார் நிறுவிய பல்கலைக்கழகம். ஓர் ஆங்கிலிக்கன் குரு திரட்டிய கத்தோலிக்கத் தாள்களைப் பாப்டிஸ்ட் மரபினர் காத்துவருகிறார்கள்!

வில்னியஸ் நகரிலோ வேறு வகைத் தட்டச்சுத் தாள்கள் உள்ளன. உளவுத்துறையின் கோப்புகளுள் அழிக்கப்பட்டவையும் மாஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவையும் போக எஞ்சியவை லித்துவேனியச் சிறப்புக் காப்பகத்தில் இன்று ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. கண்காணிப்பு அறிக்கைகள், விசாரணைக் குறிப்புகள், தகவல் கொடுத்தோரின் செய்திகள் ஆகியவையும் தட்டச்சில்தான் உள்ளன. அவற்றிலும் நாளும் ஊரும் பெயரும் துல்லியமாக உண்டு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். துல்லியம் மட்டுமே அறமாகிவிடாது. உளவுத்துறையின் தாள், இவரை எங்கே மடக்கலாம், எதைக் காட்டி அச்சுறுத்தலாம் என்று அறிவதற்காக ஒருவரின் பெயரை எழுதியது. நாளாகமத்தின் தாள், இவர் தனியாக விடப்படக்கூடாது, இவருக்காகச் செபிக்க வேண்டும் என்பதற்காக அதே பெயரை எழுதியது. சிறைப்பட்டவர்களின் பெயர்களை வரிசையாகத் தந்து அவர்களை மறவாதிருக்கும்படி வாசகரை வேண்டிக்கொள்வது நாளாகமத்தின் வழக்கம். ஒரே மனிதரின் பெயர் இருவகைத் தாள்களிலும் இருக்கிறது. ஒன்றில் அது கண்காணிப்புக்குரிய பெயர். மற்றதில் சகோதரர் ஒருவரின் பெயர். வரலாற்று ஆய்வாளர் இரண்டையும் ஒப்பிட்டே உண்மையை அறிகிறார். பகைவர் எழுதிய கோப்புகளே நாளாகமத்தின் செய்திகளை மெய்ப்பிக்கும் சான்றாகவும் பயன்படுகின்றன.

நம் கையிலுள்ள தாள்கள்

இத்தாள்களைக் காப்பது எளிதன்று. மலிவான மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலம் நாளடைவில் அதனைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. கரித்தாளின் மசி எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. தாள்களைச் சேர்த்துக் குத்திய இரும்பு ஊசி துருப்பிடித்துத் துளையிடுகிறது. ஆகவே காப்பாளர்கள் ஊசியை நீக்கி, இடையிடையே அமிலமற்ற தாளை வைத்து, மடிப்பை விரித்துத் தட்டையாக அடுக்கி, வெப்பமும் ஈரமும் மிகாத அறையில் வைக்கிறார்கள். சைபீரியாவையும் சோதனைகளையும் தாண்டி வந்த தாள், காப்பாளரின் கவனக்குறைவால் அழிந்துவிடக்கூடாது என்னும் பொறுப்பு அவர்களுடையது.

இப்பொறுப்பு தொலைவிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதா? நம் பங்கு இல்லங்களின் பழைய அலமாரிகளிலும், சங்கங்களின் பெட்டிகளிலும், நம் வீட்டுப் பரண்களிலும் தட்டச்சுத் தாள்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. பக்தசபையின் கூட்ட அறிக்கை, ஊர்ப் பள்ளிக்கு அனுமதி வேண்டி முன்னோர் எழுதிய விண்ணப்பத்தின் கரித்தாள் படி, ஆலயம் எழுப்பியபோது காணிக்கை தந்த ஏழைக் குடும்பங்களின் பட்டியல் என்று எத்தனையோ இருக்கக்கூடும். வெள்ளையடிக்கும் நாளில் இவற்றைப் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். பெரியவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கும். எளியவர்களின் பெயர்கள் இந்தத் தாள்களில் மட்டுமே இருக்கும். அவற்றைக் காப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கரையானும் ஈரமும் அணுகாத ஒரு பெட்டியும், இது இன்னது என்று எழுதிவைக்கும் மனமும் போதும்.

அருட்சகோதரி நியோலே சதுனைத்தே 2024 மார்ச் 31 அன்று இறந்தார். அது அவ்வாண்டின் உயிர்ப்புப் பெருவிழா நாள். அவருடைய பெயரை உலகம் அறியும். ஆனால் பிடிபடாமல் தட்டச்சு செய்தவர்கள், படியெடுத்தவர்கள், துணிப்பைக்குள் மறைத்து அடுத்த ஊருக்குக் கொண்டுசென்றவர்கள் பலரின் பெயர்கள் எந்த இதழிலும் இல்லை. பிறர் பெயர்களை எல்லாம் தவறாமல் எழுதியவர்கள் தம் பெயரை எழுதவில்லை. காப்பகத்தில் மங்கலாகத் தெரியும் கடைசிப் படியின் எழுத்துகளே அவர்களுக்குரிய ஒரே நினைவுக்குறி.